இரண்டு சென்ரிமீற்றர் மனுசி

தபாலில் வந்த பொதியை வெட்டிச் சுளகில் கொட்டினேன். நூறு மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். ஆளுக்கு இரண்டு சென்ரிமீற்றர் உயரம், என் பெருவிரல் நகத்தைவிடச் சற்றுக் கூட. அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொருவராக எடுத்து நிமிர்த்திப் பார்த்தேன். ஆண்கள் அத்தனை பேரும் கால்சட்டை போட்டவர்கள். பாதிப் பேர் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்கள். பெண்கள் குளிர்காலக் கோட்டு மாட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே தோல், உரித்த இறாலின் நிறத்தில். சாரம் உடுத்த ஒருவன் இல்லை. சேலை கட்டிய ஒருத்தி இல்லை.

"அப்பிடியே ஒட்டிவிட்டாப் போதும்," என்றார் என் கணவர். "ஆர் இவ்வளவு கிட்ட வந்து பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பன்," என்றேன்.

அவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு மாதிரி ரயில்பாதை அமைத்திருக்கிறார். ஒட்டுப்பலகையின்மேல் மட்டக்களப்பு ஸ்டேசன், வாணிஷ் ஊற்றி மினுங்கவிட்ட வாவி, அதற்கப்பால் ரயிலும் வாகனங்களும் ஒரே வழியால் போய்வந்த ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலம். பாலத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் படம் பார்த்து, கணக்குப் போட்டு, மட்டையில் வெட்டி ஒட்டியவர். குட்டி ரயில் அதன்மேல் ஓடும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவேண்டும். ஆனால் அவருடைய ஸ்டேசனில் ஒரு ஈ காக்கைகூட இல்லை. தண்டவாளம், சிக்னல், மின்சாரம், இவைதான் அவருக்கு ரயில். ஆட்கள் என்பவர்கள் கடைசியில் மேலே தூவிவிடுகிற கறிவேப்பிலை.

அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் இடது கால் போய் அப்போது ஒரு வருடத்துக்குமேல் ஆகியிருந்தது. சீனி வருத்தம். சுண்டுவிரலில் வந்த சின்னப் புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பொய்க்கால் கட்டினால் தோல் உரசிப் புண்ணாகிறது. அதனால் இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கிறேன். கால் போனதைவிட என்னைக் களைக்கவைத்தது ஒரு வசனம். என்னைச் சுற்றியிருந்த எல்லோரும் ஒரே நாளில் பாடமாக்கியதுபோல அதைச் சொன்னார்கள். தேத்தண்ணி போட எழும்பினால், "நீங்க இரிங்க." வாசலில் மீன்காரர் கூப்பிட்டால், "நீங்க இரிங்க." தபால் கந்தோர்க் கவுண்டரில் கதிரையோடு கதிரையாக என் உத்தியோக காலம் முழுவதும் இருந்தவள் நான். இருந்து இருந்து அலுத்துப்போனவளைப் பார்த்து இரு என்றால் எப்படி இருக்கும்?

அதிலும் அந்தக் கொழும்புப் பயணத்தை நான் மறக்கமாட்டேன். தங்கச்சி மகளின் கலியாணத்துக்குப் புறப்பட்டோம். ஸ்டேசன் மேடை தாழ்வு, பெட்டியின் படி உயரம். எப்படி ஏறுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஒரு ஊன்றுகோலை முதலில் உள்ளே எறிந்துவிடவேண்டும். மற்றதைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, கதவோரக் கம்பியைப் பிடித்து, நல்ல காலைத் தூக்கி வைக்கவேண்டும். யோசித்து முடிக்கவில்லை. கணவர் கண்ணைக் காட்டினார். முன்பின் தெரியாத இரண்டு பேர் என் கக்கங்களுக்குள் கையைக் கொடுத்து, நெல்மூட்டை ஏற்றுவதுபோலத் தூக்கி உள்ளே வைத்தார்கள். சேலை முழங்காலுக்கு மேலே போனது.

"பத்திரமா ஏத்தியாச்சு," என்றார் ஒருவர். என்னிடம் அல்ல, என் கணவரிடம்.

ஊன்றுகோல்களைச் சாமான் தட்டில் எனக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டார்கள். கழிப்பறைக்குப் போவதானால் யாரிடமாவது கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை. கொழும்பு வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

சரி, சுளகுக்கு வருகிறேன். சரியான ஆளைத் தெரிவுசெய்வதுதான் பாதி வேலை என்பதைச் சீக்கிரம் கண்டுபிடித்தேன். காலை அகட்டி நிற்கிறவனைச் சாரக்காரனாக்கலாம். இரண்டு கால்களுக்கும் நடுவே மக்குப் பசை வைத்து அடைத்தால் போதும். கணுக்கால்வரை கோட்டுப் போட்ட பெண்ணின் கோட்டுக் கழுத்தைப் பிளேட்டால் சுரண்டி, பசையில் நனைத்த மெல்லிய ரிசுத்தாளை மார்பைச் சுற்றிவிட்டால் சேலைக்காரி. அதே கோட்டுக்காரியின் தலையையும் சுற்றி மூடினால் அபாயா. கையில் பெட்டியோடு நிற்கிற துரையின் பெட்டியை வெட்டிவிட்டு, மெழுகில் உருட்டிய இறால் கூடையைக் கொடுத்துப் பனிச்சங்கேணியிலிருந்து வந்தவனாக்கினேன்.

கஷ்டம் கால்களில்தான் வந்தது. கவுண்டருக்கு உட்பக்கமிருந்தே ஊரைப் பார்த்தவளுக்கு மனிதர்கள் இடுப்புக்கு மேலேதான். முகம், கை, கையெழுத்துப் போடும்போது உதட்டைக் கடிக்கிற விதம், எல்லாம் தெரியும். வயல்காரர் ஒருவர் வரிசையில் நிற்கையில் பாதங்களை எப்படி வைப்பார் என்று தெரியாது. ஒரு மாதம் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தெருவால் போகிறவர்களின் கால்களை மட்டும் பார்த்தேன். அந்தக் கதிரையில் இருந்ததற்கு மட்டும் யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை.

நிறப் போத்தல்கள் வந்தன. ஒன்றில் ஆங்கிலத்தில் தோல் நிறம் என்று எழுதியிருந்தது. திறந்தால் ரோஸ். யாருடைய தோல் என்று எழுத மறந்துவிட்டார்கள். அதை ஸ்டேசன் வேலியோரத்துப் பூக்களுக்கு ஒதுக்கிவிட்டு, மண்ணிறத்தில் சிவப்பும் மஞ்சளும் தொட்டுத் தொட்டுக் கலந்து என் கையிலேயே பூசிப் பார்த்தேன். பூசிய இடம் எது என்று எனக்கே தெரியாமல் போனபோது நிறுத்தினேன். கணவரின் தோலுக்கு அதில் இன்னும் ஒரு துளி கறுப்பு வேண்டும். அபாயாவுக்கு வெறும் கறுப்பு அடித்தபோது மடிப்புகள் செத்துப்போய், பெண் அடுப்புக்கரித் துண்டு மாதிரி ஆனாள். கறுப்பில் கொஞ்சம் நீலம் கலந்து, மடிப்பின் மேட்டில் மட்டும் சாம்பல் தடவினேன். அவள் காற்றில் நடக்கத் தொடங்கினாள்.

கணவரின் அக்கா ஒருநாள் வந்தா. மருந்துப் போத்தல் மூடிகளில் ஒட்டிவைத்த என் ஆட்களைப் பார்த்துவிட்டு, "இந்த வயசில பொம்மைக்குச் சேலை கட்டுறியா மச்சி?" என்றா.

"நீங்க பின்னேரம் முழுக்க டிவி நாடகத்தில பொம்பிளைகள்ற சேலைய பாக்கிறீங்க மச்சி. நான் கட்டிவிடுறன். அவ்வளவுதான் வித்தியாசம்."

அதற்குப் பிறகு அவ தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்பதைப் பற்றி மட்டுமே கதைத்தா.

ஸ்டேசன் நிறைந்தது. வெளிநாடு போகிற கணவனை வழியனுப்ப வந்த காத்தான்குடிப் பெண், கச்சான் கடலை விற்கிறவர், மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன்பெட்டி கட்டியவர், வாங்குப் பலகையில் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்கிறவர், அவர் காலடியில் ஒரு நாய். பிறகு ஒருநாள் காலையில் நான் அவளைச் செய்தேன்.

பொதியில் ஏணியில் ஏறுகிற தொழிலாளி ஒருவன் இருந்தான். ஏணியை வெட்டினேன். இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டினேன். மாம்பழ மஞ்சளில் சேலை, அரக்குக் கரை. மின்கம்பியைச் சீவி எடுத்த செம்பு நூலில் ஊன்றுகோல். ஒன்று கக்கத்தில், மற்றது ஏற்கனவே பெட்டிக்குள் எறியப்பட்டிருந்தது. வலது கை கதவுக் கம்பியை எட்டிப் பிடித்திருந்தது. நல்ல கால், மேடையோரம் ஓடாமல் நிற்கிற பெட்டியின் படியில். பக்கத்தில் யாரும் இல்லை. யாரையும் நான் வைக்கவில்லை.

கணவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"இப்பிடி ஏற ஏலா," என்றார். "படி எவ்வளவு உயரமெண்டு தெரியுமா? உடம்புப் பாரம் பின்னால இழுக்கும்."

"ஏலும்," என்றேன்.

அவர் படிப்பித்த பாடசாலையில் ஆண்டு விழாக் கண்காட்சி வந்தது. பழைய மாணவர் சங்கத்தார் எங்கள் ரயிலைக் கேட்டார்கள். பார்த்துப் போக வந்தவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், கணவரிடம் படித்தவர். நான் மேசைக்குப் பின்னால் தூரிகையோடு இருந்தேன். சேலை தரைவரை இருந்தது. ஊன்றுகோல்கள் கதவுக்குப் பின்னால். என் காலைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"சேர், பாலத்தப் பாருங்க! ஒரு ஆணி பிழையில்ல!" என்று போனில் படம் படமாக எடுத்தார். பிறகு குனிந்து மேடையைப் பார்த்தார். "ஆக்கள நீங்களா அன்ரி செஞ்ச? உயிரோட இரிக்காங்க." சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகப் பார்த்து வந்தவர் ஓரிடத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரேயொரு விசயம் சேர். இந்தக் கால் ஏலாத பொம்பிளைய மட்டும் எடுத்திரலாமே? பிள்ளைகள் சந்தோசமாப் பாக்க வாற இடம். பாக்கிறவங்களுக்கு மனசு ஒரு மாதிரிப் போயிரும்."

நான் கணவரைப் பார்த்தேன். அந்த மனுசி யார் என்று அவருக்குத் தெரியும்.

"அதுக்கென்ன தம்பி," என்றார் அவர். "ஒட்டினதுதானே. எடுத்திரலாம்."

தூரிகையைத் தண்ணீரில் கழுவினேன். துடைத்தேன். அதன் நுனியைச் சரிசெய்து வைத்தேன்.

"தம்பி," என்றேன் வந்தவரிடம், "அந்தக் கதவுக்குப் பின்னால ரெண்டு ஊன்றுகோல் இரிக்கு. எடுத்துத் தாறீங்களா?"

அவர் மரியாதையான பிள்ளை. ஓடிப்போய் எடுத்துவந்தார். கொடுக்கும்போதுதான் அவை என்ன என்பது அவருக்கு உறைத்தது. நான் எழும்பி அவருக்கு முன்னால் நின்றேன்.

"அன்ரி... நான் அப்பிடி நினைக்கல்ல..."

"நினைச்சதத்தான் சொன்னீங்க. அதில பிழையில்ல. இப்ப நான் நினைக்கிறதக் கேளுங்க. அவ எங்கயும் போகமாட்டா."

தேத்தண்ணியைக் குடிக்காமலே அவர் போய்விட்டார். கணவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"ஏன் இதப் பெரிசாக்குறாய்? ஒரு பொம்மை."

"பொம்மையெண்டா விட்டிரிக்கலாமே."

"கண்காட்சி என்ன, தினமுமா வருது? நான் எத்தின வருசமா இதக் கட்டின?"

"இஞ்சாருங்க. தண்டவாளம் உங்கட. கோச்சி உங்கட. ஆக்கள் என்ட. ஒராள எடுத்தா எல்லாரையும் எடுப்பன்."

"எடு," என்றார் கோபத்தில்.

எடுத்தேன். பிளேட்டை நுழைத்து ஒவ்வொருவராகக் கிளப்பிப் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டேன். கச்சான்காரர், மீன்பெட்டிக்காரர், நித்திரைக்காரர். நாயையும் விடவில்லை. பின்னேரம் அவர் வழமைபோல ரயிலை ஓடவிட்டார். அது ஸ்டேசனுக்கு வந்து நின்றது. ஏற யாரும் இல்லை, இறங்க யாரும் இல்லை. ஊரடங்குக் காலத்தில் இந்த ஊர் ஸ்டேசன் எப்படிக் கிடந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் சுவிட்சை நிறுத்திவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

சில நாட்கள் நாங்கள் உப்பு, புளி பற்றி மட்டுமே கதைத்தோம். நான் இறங்கிவரத் தயாராக இல்லை. சமாதானம் பண்ண வேண்டிய இடத்தில் நானில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஒருநாள் காலையில் முன்னறையில் அவர் போனில் பேசுவது கேட்டது.

"இல்ல தம்பி. வந்தா எல்லாரும் வருவாங்க. இல்லாட்டி கோச்சியும் இல்ல, பாலமும் இல்ல. ஓம். முடிவாத்தான் சொல்றன்."

பிறகு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அது அவருக்கு வராது. "மறுகா ஒட்டு," என்றார். "பசை புதுசா வாங்கி வச்சிரிக்கன்."

கண்காட்சியில் எங்களுக்குக் கிடைத்தது பின்பக்கத்தில், கழிப்பறைகளை ஒட்டிய வகுப்பறை. முன்மண்டபத்தில் இடமில்லையாம். இருக்கட்டும் என்றேன். எல்லோரும் ஒருதடவையாவது அந்தப் பக்கம் வந்துதானே ஆகவேண்டும்? வந்தார்கள். அப்படி வந்த ஒரு மீன்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ட மோட்டர் சைக்கிள்தான். ஆனா என்ட பெட்டி நீலம்," என்று என்னிடம் முறைப்பாடு செய்தார். காத்தான்குடியிலிருந்து வந்த இரண்டு பெண்கள் அபாயாவின் மடிப்பை ஒருவருக்கொருவர் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். மஞ்சள் சேலைக்காரியின் முன்னால் சிலர் குனிந்து நின்று பார்த்தார்கள். யாருக்கும் மனசு ஒரு மாதிரிப் போய் மயக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள் காலை அவள் இல்லை. நிற்கிற பெட்டியின் படியோரத்தில் பசைத் தழும்பு மட்டும் இருந்தது.

"நான் இல்ல," என்றார் கணவர், நான் வாய் திறக்குமுன்பே.

அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். யார் என்று இன்றுவரை தெரியாது. ஒரு பிள்ளை ஆசையில் எடுத்துப் பையில் போட்டிருக்கலாம். ஒரு பெரியவர் நல்லது செய்வதாக நினைத்துக் கிள்ளி எறிந்திருக்கலாம். விசாரித்துக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை.

"வீட்ட போய் என்ட நிறப்பெட்டிய எடுத்திட்டு வாங்க," என்றேன். "மிச்ச ஆக்கள் இரிக்கிற சுளகையும்."

அவர் ஸ்கூட்டரில் கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தார். நான் வகுப்பறை மேசையொன்றை ஜன்னலடிக்கு இழுக்கச் சொல்லி, எல்லோருக்கும் முன்னால் வேலையைத் தொடங்கினேன். ஏணிக்காரன் இன்னொருவன் சுளகில் இல்லை. கையசைத்துக்கொண்டு நிற்கிற கோட்டுக்காரி ஒருத்தி கிடைத்தாள். பிள்ளைகள் சுற்றி நின்று மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

"ஏன் அன்ரி கால வெட்டுறீங்க?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள்.

"அவக்கு ஒரு கால்தான் மகள். என்னப்போல." ஊன்றுகோல்களைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "அப்ப சேலைய நல்ல சிவப்பா அடிங்க," என்றாள். சிவப்பே அடித்தேன்.

நிறம் காய்ந்ததும் கணவர் கேட்டார்: "மேடையோரம் பழைய இடத்திலயா?"

"அங்க இல்ல. ஓடுற கோச்சியில. வாசலில நிக்கட்டும்."

அவர் பெட்டியைத் தூக்கி அவளை வாசலில் பொருத்திப் பார்த்தார். ஒரு கை கம்பியில், மற்றக் கை வெளியே நீண்டு ஊருக்குக் கையசைத்தது. கக்கத்து ஊன்றுகோலின் முனை வாசலைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே துருத்தியது. ஒட்டினோம். ரயில் புறப்பட்டது. ஸ்டேசன், வாவிக்கரை, வளைவு, எல்லாம் சரியாகக் கடந்தது. பாலத்துக்குள் நுழைந்ததும் ஊன்றுகோல் முதல் சட்டத்தில் தட்டியது. பெட்டி உதறி நின்றது. பிள்ளைகள் "ஆ" என்றார்கள்.

அவளை உள்ளே தள்ளச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் என் பிளேட்டைக் கேட்டு வாங்கினார். பாலத்துக்குமேல் குனிந்தார். தான் கணக்குப் போட்டு வெட்டி ஒட்டிய இரும்புச் சட்டங்களின் உட்புறத்தை ஒவ்வொன்றாகச் சீவினார்.

"பாலம் பிழையாப் போயிருமே," என்றேன். எனக்கே பொறுக்கவில்லை.

"பிழையாப் போகட்டும்," என்றார் நிமிராமல். "அவ போகவேணுமே."

மறுபடி சுவிட்சைப் போட்டார். ரயில் பாலத்துக்குள் போய் மறுபக்கத்தால் வெளியே வந்தது. சிவப்புச் சேலைக்காரி கையசைத்துக்கொண்டே வாவியைச் சுற்றினாள், ஸ்டேசனுக்கு வந்தாள், நிற்காமல் மறுபடி போனாள். அறையில் எந்த மூலையில் நின்றாலும் அவள் உங்கள் முன்னால் ஒருதடவை வந்து போவாள். பிள்ளைகளும் திருப்பிக் கையசைக்கத் தொடங்கினார்கள்.

மதியத்துக்குப் பிறகு பாடசாலை அதிபரை அழைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரர் வந்தார். அதிபர் கண்டிப்பான பெண்மணி. ரயில் மூன்று சுற்று வரும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தா. பிறகு என்னிடம் திரும்பினா.

"நல்ல வேலை. ஆனா ஒண்ணு. வாசலில தொங்கிக்கொண்டு போறது தடை செஞ்ச விசயம். எங்கட பொடியன்மாருக்கு நாங்க சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனம். இந்தப் பொம்பிளை இப்பிடி நிண்டு போறது பிழையான முன்மாதிரி."

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்கமுடியவில்லை. பாவம் என்று சொல்லவில்லை. பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சட்டத்தை மீறுகிறாளாம்! கால் போன நாளிலிருந்து என்மேல் யாரும் ஒரு குற்றம் சுமத்தியதில்லை. அவ்வளவு மரியாதை எனக்கு வெகுகாலமாகக் கிடைக்கவில்லை.

"ஓம் மிஸ்," என்றேன். "அவ சொல்வழி கேக்கமாட்டா."

அதிபர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வகுப்பறைக்குப் போனா. ஒப்பந்தக்காரர் போகவில்லை. ரயில் பாலத்துக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

"அன்ரி, நான் எடுக்கச் சொல்லி வரல்ல," என்றார் மெதுவாக.

"சொன்னாலும் இப்ப எடுக்க ஏலா தம்பி," என்றேன். "கோச்சி ஓடுது."